லிட்ரேச்சர் ரிவியூ எழுதுவது எப்படி? கல்லூரி ஆய்வு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆய்வேட்டின் இரண்டாம் இயலான லிட்ரேச்சர் ரிவியூவில்தான் பெரும்பாலான மாணவர்கள் தடுமாறுகிறார்கள். பொதுப்படையாக அறிவுரை சொன்னால் கையில் ஒன்றும் நிற்காது. ஆகவே இந்தப் பக்கம் முழுக்க ஒரே தலைப்பை உதாரணமாக வைத்துக்கொள்கிறோம்: பள்ளியில் உணவு கொடுத்தால் பிள்ளைகளின் வருகை கூடுகிறதா? உங்கள் துறை வேறாக இருந்தாலும் வேலை செய்யும் விதம் இதுதான்.

'இலக்கிய மீளாய்வு' என்கிறார்களே, இதற்கும் சங்க இலக்கியத்துக்கும் தொடர்பு உண்டா?

இல்லை. இங்கே இலக்கியம் என்பது உங்கள் கேள்வியைப் பற்றி இதுவரை வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகள், ஆய்வேடுகள், நூல்கள், அறிக்கைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பெயர். பேச்சில் எல்லோரும் 'ரிவியூ' என்றே சொல்கிறோம். சில தமிழ்த் துறைகளில் 'முன்னாய்வுகள்' என்று தலைப்பிடுவார்கள். குழப்பம் இல்லாத சொல் அதுதான்.

ரிவியூ மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும். கேள்விக்கு இதுவரை என்ன பதில் கிடைத்திருக்கிறது, அந்தப் பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம், எந்த இடத்தில் பதிலே இல்லை. இதைப் படித்து முடிக்கும் தேர்வாளருக்கு, அடுத்த இயலில் நீங்கள் விளக்கும் ஆய்வு முறை 'வேறு எப்படிச் செய்திருக்க முடியும்' என்று தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் இரண்டாம் இயலும் மூன்றாம் இயலும் தனித்தனித் தீவுகளாக நிற்கின்றன என்று பொருள்.

எத்தனை பக்கம்? எத்தனை கட்டுரைகள்?

துறையின் விதிமுறைத் தாள் இருந்தால் அதுவே இறுதி. இல்லையென்றால் ஒரு தோராயக் கணக்கு: 5,000 சொல் கொண்ட ஆய்வுக் கட்டுரைக்கு 1,000 முதல் 1,200 சொல் வரை ரிவியூ, 15 முதல் 20 மூலங்கள். முதுகலை ஆய்வேட்டுக்கு 15 முதல் 20 பக்கம், 40 முதல் 60 மூலங்கள்.

இந்த 60-ம் ஒரே எடை கொண்டவை அல்ல. உங்கள் கேள்வியை நேரடியாகத் தொடுபவை 12 அல்லது 15 இருக்கும்; அவற்றுக்குத்தான் அரைப் பத்தி, முழுப் பத்தி எல்லாம். மற்றவை ஒரு வாக்கியத்திலோ, ஒரே அடைப்புக்குறிக்குள் மூன்று நான்காகச் சேர்ந்தோ வரும். எல்லாவற்றுக்கும் ஆறு வரி என்று பங்கிட்டுக் கொடுத்தால், எது முக்கியம் என்று எழுதியவருக்கே தெரியவில்லை என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

எவ்வளவு நாள் ஆகும்?

தினமும் மூன்று மணி நேரம் ஒதுக்க முடிந்தால் நான்கு வாரம். தேட ஒன்று, படிக்க இரண்டு, எழுத ஒன்று.

தலைப்பு மிகப் பெரிதாக இருக்கிறது. எப்படிச் சுருக்குவது?

'தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டம்: ஓர் ஆய்வு' என்ற தலைப்புக்கு ரிவியூ எழுத முடியாது. அதில் கேள்வியே இல்லை. கேள்வி வேண்டுமென்றால் நான்கு உறுப்புகள் வேண்டும்: யாருக்கு, என்ன கொடுத்து, எதோடு ஒப்பிட்டு, எதை அளந்து. 'அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் கொடுத்தால், மதிய உணவு மட்டும் இருந்த காலத்தோடு ஒப்பிட, மாத வருகை விழுக்காடு மாறியதா?' இப்போது நான்கும் வந்துவிட்டன. தேடுசொற்களும் இந்த நான்கிலிருந்தே பிறக்கும்.

எங்கே தேட வேண்டும்?

முதலில், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர். பிறகு ஷோத்கங்கா, காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் இந்திய பிஎச்.டி. ஆய்வேடுகளின் களஞ்சியம் இது. ஆய்வேடுகள் இயல் இயலாகக் கிடைப்பதால், உங்கள் தலைப்பை ஒட்டிய ஆய்வேட்டின் இரண்டாம் இயலை மட்டும் திறந்து, அதில் வரும் நூற்பட்டியலைப் பிடித்துக்கொண்டு மூலங்களுக்குப் போகலாம். அந்த இயலை அப்படியே எடுத்து ஒட்டுவதற்கும் அதுவே வசதி என்பதால்தான் திருட்டுக்கு முதலில் பரிசோதிக்கப்படும் இடமும் அதுதான்.

சமூகவியல், பொருளியல் மாணவர்கள் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யை விட்டுவிடக் கூடாது. ட்ரேஸும் கோயலும் சத்தீஸ்கர், ராஜஸ்தான், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் மதிய உணவைப் பற்றி 2003-ல் எழுதிய கட்டுரை அதில்தான் வந்தது. பழைய தமிழ் நூல்கள், இதழ்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூர் கன்னிமாரா நூலகம், இணையத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். இலங்கை தொடர்பான தலைப்பென்றால் நூலகம் நிறுவனத்தின் மின்நூலகத்தைப் பார்க்காமல் 'ஆய்வுகள் இல்லை' என்று எழுதிவிடாதீர்கள்.

ஒரு சொல்லைப் போட்டால் பல்லாயிரம் முடிவுகள். இன்னொன்றைப் போட்டால் பூஜ்யம். என்ன தவறு?

ஒரே பொருளுக்கு ஆய்வுலகில் நாலைந்து பெயர்கள் உண்டு. நீங்கள் ஒன்றை மட்டும் தட்டச்சு செய்கிறீர்கள். நம் உதாரணத்தையே பாருங்கள். இந்தியாவின் அதே மதிய உணவைத்தான் மூன்று கட்டுரைகளும் ஆராய்ந்தன. அஃப்ரிடியின் 2011 கட்டுரைத் தலைப்பில் 'ஸ்கூல் மீல்ஸ்' என்று இருக்கிறது. ஜெயராமன், சிம்ரோத் 2015-ல் எழுதியதில் 'ஸ்கூல் லஞ்சஸ்'. சக்ரவர்த்தி, ஜெயராமன் 2019-ல் எழுதியதில் 'ஸ்கூல் ஃபீடிங்'. இது போக 'மிட்-டே மீல்' இடைக்கோட்டோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் 'நூன் மீல்'. 2021-ல் ஒன்றிய அரசு பெயர் மாற்றியதால் அதற்குப் பின் 'பி.எம். போஷான்'. அளக்கும் பொருளுக்கும் இப்படித்தான்: அட்டெண்டன்ஸ், என்ரோல்மென்ட், பார்ட்டிசிபேஷன், டிராப்-அவுட் என்று நான்கு.

இவற்றை இரண்டு கூடைகளாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கூடைக்குள் இருக்கும் சொற்களுக்கு நடுவே 'ஆர்' என்ற ஆங்கில இணைப்புச் சொல்லைப் பெரிய எழுத்தில் போட வேண்டும்; சிறிய எழுத்தில் போட்டால் ஸ்காலர் அதை வெறும் சொல்லாக எடுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்த தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் அடையுங்கள். வேண்டாத நாடு, வேண்டாத துறை வந்துகொண்டே இருந்தால் அந்தச் சொல்லுக்கு முன் கழித்தல் குறி.

தேடிய நாள், தளம், சொற்கள், வந்த முடிவுகள், எடுத்துக்கொண்டவை என்று ஐந்து நெடுவரிசைகள் கொண்ட ஒரு எக்செல் தாளைத் தொடக்க நாளிலேயே திறந்துவிடுங்கள். ஒரு மாதம் கழித்து 'இதைத் தேடினேனா இல்லையா' என்ற சந்தேகம் கட்டாயம் வரும்.

ஒரு நல்ல கட்டுரை கிடைத்துவிட்டது. அதிலிருந்து மற்றவற்றுக்கு எப்படிப் போவது?

பின்னாலும் முன்னாலும். அதன் நூற்பட்டியல் பின்னோக்கிய வழி. கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரைக்குக் கீழே வரும் 'சைட்டட் பை' முன்னோக்கிய வழி: அதை மேற்கோள் காட்டிப் பின்னால் வந்தவை எல்லாம் வரிசையாக நிற்கும். அந்தப் பட்டியலுக்குள்ளேயே மறுபடி தேடும் கட்டமும் உண்டு. அதில் 'தமிழ்நாடு' என்று ஆங்கிலத்தில் போட்டுப் பாருங்கள். தேடுசொல்லில் அகப்படாத பல கட்டுரைகள் இந்த வழியில்தான் கைக்கு வருகின்றன.

ஷோத்கங்காவில் தமிழ் ஆய்வேடு இருக்கிறது என்கிறார்கள். தமிழில் தேடினால் வருவதில்லையே?

எழுத்துரு காரணம். யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சான ஆய்வேடுகள் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற எழுத்துருக்களில் இருக்கின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது ஆங்கில எழுத்துக் குப்பை. சில கோப்புகளோ வெறும் படமாக ஸ்கேன் செய்யப்பட்டவை. ஆகவே உள்ளடக்கத்தைத் தேடாமல் தலைப்பு, துறை, பல்கலைக்கழகம் வழியாகத் தேடுங்கள். தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துப் பதிந்திருப்பார்கள். 'சத்துணவு' என்பதற்கு 'த்' ஒன்றா இரண்டா, 'எச்' உண்டா இல்லையா என்று மூன்று நான்கு விதமாக முயல வேண்டும். மேற்கோள் எடுக்கும்போது நகலெடுத்து ஒட்டாமல் தட்டச்சு செய்துவிடுவதே பாதுகாப்பு.

கட்டுரையைத் திறந்தால் நாற்பது டாலர் கேட்கிறது.

கொடுக்காதீர்கள். நீங்கள் அரசுக் கல்லூரியிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ படித்தால், முதலில் நூலகரிடம் 'ஒரே நாடு ஒரே சந்தா' பற்றிக் கேளுங்கள். 2025 ஜனவரி 1 முதல் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அதன் வழியே அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. கல்லூரி பதிவு செய்திருக்கிறதா என்பதே தெரியாத மாணவர்கள் ஏராளம்.

சுயநிதிக் கல்லூரி மாணவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. ஸ்காலரில் தலைப்புக்குக் கீழே 'ஆல் வெர்ஷன்ஸ்' என்பதைத் தட்டினால் ஆசிரியரே தம் பக்கத்தில் ஏற்றிய படி கிடைக்கலாம். 'அன்பேவால்' என்ற உலாவி நீட்சி சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் படியைத் தானே தேடிக் காட்டும். பொருளியல் கட்டுரைகளுக்குப் பெரும்பாலும் 'வொர்க்கிங் பேப்பர்' என்ற முன்வடிவம் ஒன்று இருக்கும். அதற்கும் அச்சான வடிவத்துக்கும் எண்கள் மாறக்கூடும் என்பதால் எதைப் படித்தீர்களோ அதன் பெயரையும் ஆண்டையுமே குறிப்பிடுங்கள். எதுவும் பலிக்காவிட்டால் ஆசிரியருக்கு நாலு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். பலர் அனுப்பிவிடுகிறார்கள்.

ஒரு கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க வேண்டுமா?

முதல் சுற்றில் வேண்டாம். சுருக்கம், முடிவுரை, அட்டவணைகள் என்ற வரிசையில் பத்து நிமிடம். தேவைப்படாது என்று தெரிந்தால் ஏன் விட்டீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு மூடுங்கள். தேவைப்படும் என்றால் ஆய்வு முறைப் பகுதிக்குப் போங்கள். மாணவர்கள் தாண்டிப் போகும் பகுதி அதுதான், ரிவியூவுக்குச் சரக்கு இருக்கும் பகுதியும் அதுதான்.

படித்ததை அட்டவணையாக்குங்கள். ஒரு கட்டுரைக்கு ஒரு வரிசை. நெடுவரிசைகள்: ஆசிரியர் ஆண்டு, இடம், தரவு எடுத்த ஆண்டு, எத்தனை பேர் அல்லது பள்ளிகள், எதோடு ஒப்பிட்டார்கள், எதை அளந்தார்கள், என்ன கிடைத்தது, அவர்களே ஒப்புக்கொள்ளும் குறை, பக்க எண். 'தரவு எடுத்த ஆண்டு' தனி நெடுவரிசையாக இருக்கட்டும். 2015-ல் வெளியான கட்டுரை 2004-ஆம் ஆண்டுப் பள்ளியைப் பற்றிப் பேசலாம். வெளியான ஆண்டை மட்டும் பார்த்துச் 'சமீபத்திய ஆய்வு' என்று எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். பக்க எண்ணை அப்போதே குறிக்காமல் விட்டால், கடைசி வாரத்தில் ஒரு வரிக்காக நாற்பது பக்கம் புரட்ட நேரும்.

எப்போது தேடுவதை நிறுத்தலாம்?

புதிதாக எடுக்கும் நான்கைந்து கட்டுரைகளின் நூற்பட்டியலில் நீங்கள் ஏற்கெனவே படித்த பெயர்களே திரும்பத் திரும்ப வரும்போது.

'பட்டியல் மாதிரி இருக்கிறது' என்று கைடு திருப்பிக் கொடுத்துவிட்டார். இதற்கு என்ன அர்த்தம்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். முதலில் பட்டியல் எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

'அஃப்ரிடி (2011) பள்ளி உணவு பற்றி ஆய்வு செய்தார். வருகை கூடியதாகக் கூறினார். ஜெயராமன், சிம்ரோத் (2015) மதிய உணவு பற்றி ஆய்வு செய்தனர். சேர்க்கை கூடியதாகக் கூறினர். சிங், பார்க், டெர்கான் (2014) ஆந்திரப் பிரதேசத்தில் ஆய்வு செய்தனர். குழந்தைகளின் உடல்நிலை மேம்பட்டதாகக் கூறினர்.'

இதில் ஒரு வரியும் பொய்யில்லை. ஆனால் மூன்று ஆய்வுகளின் வரிசையை மாற்றிப் போட்டாலும் பத்தி அப்படியே இருக்கும். பட்டியல் என்பதற்கு அடையாளமே அதுதான். அதே கட்டுரைகளை வைத்து:

'சமைத்த உணவு பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுக்கிறது என்பதில் இந்த ஆய்வுகள் ஒத்துப்போகின்றன. எந்த அளவுகோலில் என்பதில் வேறுபடுகின்றன. மாதந்தோறும் தானியம் தருவதற்குப் பதில் அன்றாடம் சமைத்துப் போடத் தொடங்கியபோது, மத்தியப் பிரதேசக் கிராமப்புறப் பள்ளிகளில் முதல் வகுப்புச் சிறுமியரின் வருகை 12 விழுக்காட்டுப் புள்ளிகளுக்கு மேல் உயர்ந்தது. சேர்க்கையில் புள்ளியியல்படி உறுதியான மாற்றம் தெரியவில்லை (அஃப்ரிடி 2011). பல மாநிலத் தரவைக் கொண்டு பார்த்த ஜெயராமன், சிம்ரோத் (2015) சேர்க்கையும் கணிசமாக உயர்ந்ததைக் காண்கின்றனர். அந்த உயர்வும் தொடக்க வகுப்புகளிலிருந்தே வருகிறது. ஆகவே விளைவு வலுவாக இருப்பது சிறு வகுப்புகளில்தான். ஆனால் இரண்டுமே மதிய உணவைப் பற்றியவை. பள்ளி தொடங்கும் முன்பே தரும் உணவு என்ன செய்யும் என்பதை இவற்றைக் கொண்டு சொல்ல முடியாது.'

இரண்டாவது பத்தியின் முதல் வாக்கியத்தில் ஆசிரியர் பெயர் இல்லை. ஒரு கருத்து இருக்கிறது. பெயர்கள் அதற்குச் சாட்சிகளாக வருகின்றன. சிங் குழுவினரின் கட்டுரை இங்கே காணாமல் போனதையும் கவனியுங்கள். அது வறட்சியால் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் குழந்தைகளுக்கு மதிய உணவு அந்தப் பாதிப்பை ஈடுகட்டியதா என்பதைப் பற்றியது. வருகையைப் பற்றிப் பேசும் பத்தியில் அதற்கு வேலையில்லை; ஊட்டச்சத்துப் பத்தியில் உண்டு.

எளிய சோதனை ஒன்று: இயலில் உள்ள பத்திகளின் முதல் வாக்கியங்களை மட்டும் தனியே எடுத்து வரிசையாகப் படியுங்கள். அவை ஒரு வாதமாகக் கோவையானால் சரி. எல்லாமே மனிதப் பெயரில் தொடங்கினால் திரும்ப எழுத வேண்டியதுதான்.

ஆண்டு வரிசையில் எழுதலாமா, கருப்பொருள் வரிசையிலா?

பெரும்பாலும் கருப்பொருள். நம் தலைப்புக்கு: சேர்க்கையும் வருகையும், கற்றல், ஊட்டச்சத்து, காலை உணவு. கருத்து காலப்போக்கில் மாறிய கதையே உங்கள் வாதமாக இருந்தால் மட்டும் ஆண்டு வரிசை. 'இந்திய ஆய்வுகள், வெளிநாட்டு ஆய்வுகள்' என்று இரண்டாகப் பிரிப்பது நம் கல்லூரிகளில் பழகிப்போன வழி. துறை வற்புறுத்தாவிட்டால் தவிருங்கள்; ஒன்றோடொன்று பேச வேண்டிய இரண்டு ஆய்வுகள் பத்துப் பக்கத் தொலைவில் உட்கார்ந்துவிடும்.

இரண்டு ஆய்வுகள் முரண்படுகின்றன. ஒன்றை விட்டுவிடலாமா?

விடாதீர்கள், ரிவியூவுக்கு அதுதான் விருந்து. எங்கிருந்து முரண் வருகிறது என்று உங்கள் அட்டவணையில் குறுக்காகப் படியுங்கள். இடமா, வயதா, ஒப்பீட்டுக் குழுவா, அளவுகோலா, மாதிரியின் அளவா? மேலே சொன்ன இரண்டில் ஒன்று ஒரு சிறு பகுதியின் பள்ளிகள், மற்றது பல மாநிலங்கள். சிறிய மாதிரியில் உண்மையான மாற்றம்கூடப் புள்ளியியல் வலையில் சிக்காமல் நழுவலாம். இதை 'ஒரு காரணமாக இருக்கலாம்' என்ற அளவில் எழுதுங்கள், நிரூபித்ததுபோல் எழுதாதீர்கள்.

இங்கே இரண்டு குழிகள். 'உறுதியான மாற்றம் தெரியவில்லை' என்பதை 'மாற்றம் இல்லை' என்று மாற்றி எழுதுவது ஒன்று. விழுக்காட்டையும் விழுக்காட்டுப் புள்ளியையும் குழப்புவது இன்னொன்று: வருகை 60-லிருந்து 72-க்குப் போனால் அது 12 புள்ளி உயர்வு; விழுக்காட்டில் சொன்னால் 20.

'ஆய்வு இடைவெளி' என்று என்ன எழுதுவது? 'இந்த மாவட்டத்தில் யாரும் ஆய்வு செய்யவில்லை' போதுமா?

போதாது. இங்கே ஏன் விடை வேறாக இருக்கக்கூடும் என்று சொன்னால்தான் மாவட்டப் பெயர் இடைவெளியாகும். நம் உதாரணத்தில் உண்மையான இடைவெளி ஒன்று இருக்கிறது. 2001 நவம்பர் 28-ல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் சமைத்த உணவு தர வேண்டும் என்று ஆணையிட்டது. மாநிலங்கள் ஆளுக்கொரு காலத்தில் அதைத் தொடங்கின. அந்த முன்பின் வேறுபாட்டைத்தான் சக்ரவர்த்தி, ஜெயராமன் போன்றோர் அளவுகோலாகப் பயன்படுத்தினார்கள். தமிழ்நாட்டிலோ சத்துணவு 1982-லேயே வந்துவிட்டது. இங்கே 2001 ஆணையால் 'முன்', 'பின்' என்று எதுவும் உண்டாகவில்லை. ஆகவே அந்த ஆய்வுகளின் முடிவை அப்படியே தமிழ்நாட்டுக்குப் பொருத்த முடியாது. அடுத்து, காலை உணவுத் திட்டம் மதுரையில் 2022 செப்டம்பர் 15-ல் முதற்கட்டமாக 1,545 பள்ளிகளுக்குத் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மற்ற அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஏறத்தாழ ஓராண்டு சில பள்ளிகளில் இருந்தது, சிலவற்றில் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க இடம் இருக்கிறது. இதுதான் இடைவெளி; மூன்றாம் இயலும் இதிலிருந்து தானாக முளைக்கிறது.

'யாருமே ஆய்வு செய்யவில்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 'இன்ன தளங்களில், இன்ன சொற்களால், இன்ன மாதம் வரை தேடியதில் கிடைக்கவில்லை' என்பது யாரும் மறுக்க முடியாத வாக்கியம். அந்த எக்செல் தாள் இங்கே கைகொடுக்கும்.

அரசு அறிக்கைகளைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். ஆனால் இதழ்க் கட்டுரையோடு சமமாக வைக்காமல் எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். காலை உணவுத் திட்டத்துக்கு முன்னும் பின்னும் உள்ள வருகையை மட்டும் ஒப்பிட்டிருந்தால், கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகள் திறந்து வருகை பொதுவாகவே மீண்டுகொண்டிருந்த காலம் அது என்பதையும் எழுதுங்கள்.

எல்லா வாக்கியமும் 'கூறுகிறார்' என்றே முடிகிறது. வேறு சொல்?

அலங்காரத்துக்காக மாற்றாதீர்கள், ஆசிரியர் செய்த வேலையைப் பார்த்து மாற்றுங்கள். தரவிலிருந்து எடுத்தால் 'கண்டறிந்தார்'. கணக்கிட்டால் 'மதிப்பிடுகிறார்'. தரவின்றிக் கருத்துரைத்தால் 'வாதிடுகிறார்'. போகிறபோக்கில் சொன்னால் 'சுட்டுகிறார்'. 'நிறுவினார்', 'நிரூபித்தார்' இரண்டையும் கணக்கு, தர்க்கத் துறையினருக்கு விட்டுவிடலாம். பெயருக்குப் பின் 'அவர்கள்', முன் 'முனைவர்', 'பேராசிரியர்' எதுவும் வேண்டாம். மரியாதைக் குறைவாகாது.

மூலக் கட்டுரை கிடைக்கவில்லை. இன்னொருவர் அதைப் பற்றி எழுதியதை வைத்து மேற்கோள் காட்டலாமா?

தவிர்க்க முடியாவிட்டால் மட்டும், 'இன்னாரால் மேற்கோள் காட்டப்பட்டது' என்று வெளிப்படையாகச் சொல்லி. பார்க்காததைப் பார்த்ததுபோல் காட்டுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கீரைக் கதை ஒன்று உண்டு. கீரையில் இரும்புச்சத்து அபாரம் என்ற நம்பிக்கை, பழைய ஆய்வொன்றில் தசமப் புள்ளி இடம் மாறியதால் வந்தது என்று பல கட்டுரைகள் எழுதின. அந்தத் தசமப் புள்ளிக் கதைக்கே ஆதாரம் இல்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியே அது பரவியது என்று ஓலே ரெக்டால் 2014-ல் 'சோஷியல் ஸ்டடீஸ் ஆஃப் சயின்ஸ்' இதழில் காட்டினார். தவறைத் திருத்த வந்தவர்களே மூலத்தைப் பார்க்கவில்லை.

'சிமிலாரிட்டி' (பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு) 10 விழுக்காட்டைத் தாண்டினால் என்ன ஆகும்?

பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி ஆய்வேடுகளுக்கு 10 விழுக்காடு வரை நடவடிக்கை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு திருத்திய படியைக்கூடக் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. நூற்பட்டியல், உரிய குறிப்போடு தந்த மேற்கோள்கள், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை ஆகியவை கணக்கில் சேராது.

ரிவியூவில்தான் இந்த எண் ஏறும், காரணம் சுருக்கங்களை அப்படியே ஒட்டுவது. சொற்களை மட்டும் மாற்றிப் போட்டால் எண் குறையும், திருட்டு குறையாது. கட்டுரையை மூடிவைத்துவிட்டு உங்கள் அட்டவணையிலிருந்து மட்டும் எழுதுங்கள். இரண்டு நோயும் சேர்ந்து தீரும்.

ஏஐ-யிடம் கேட்டு எழுதலாமா?

கல்லூரி அனுமதித்தால் தேடுசொற்களை விரிக்க, நடையைத் திருத்த உதவும். மேற்கோள்களை மட்டும் அதனிடம் கேட்டு வாங்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கு இருக்கிற ஆசிரியர் பெயரைப் பொருத்தி நம்பும்படி எழுதிக் கொடுக்கும். 2023-ல் நியூயார்க் நீதிமன்றத்தில் இப்படிக் கிடைத்த இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. ஒவ்வொரு மூலத்தையும் தலைப்பு முழுவதையும் மேற்கோள் குறிக்குள் போட்டு ஸ்காலரில் பாருங்கள். 10 என்று தொடங்கும் டிஓஐ எண் (கட்டுரையின் நிலையான இணைய அடையாள எண்) இருந்தால் அது அதே கட்டுரைக்குத்தான் போகிறதா என்றும் பாருங்கள்.

போலி இதழை எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று நாளில் ஏற்பு, வாட்ஸ்அப்பில் கட்டண விவரம், பொறியியலும் சித்த மருத்துவமும் ஒரே இதழில். இவை போதும். ஐ.எஸ்.எஸ்.என். எண் இருப்பது தரச் சான்று அல்ல, அது வெறும் பதிவு எண். யு.ஜி.சி. ஏற்ற இதழ்களின் 'கேர் பட்டியலில் இருக்கிறதா' என்று இன்னும் கேட்கிறார்கள், யு.ஜி.சி. அந்தப் பட்டியலை 2025-ல் நிறுத்திவிட்டது. கட்டுரை பின்னால் திரும்பப் பெறப்பட்டதா என்றும் பாருங்கள். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்து 1998-ல் 'லான்செட்' வெளியிட்ட கட்டுரை 2010-ல்தான் திரும்பப் பெறப்பட்டது. பெரிய இதழ் என்ற பெயர் மட்டும் காப்பாற்றாது.

நூற்பட்டியலில் தமிழ்ப் பெயர்களை எப்படி அடுக்குவது?

நம் பெயர்களில் முன்னெழுத்து தந்தை பெயர், இயற்பெயரே முதன்மை. 'சு. கபிலன்' என்பது 'கபிலன், சு.' ஆகும். ஆங்கிலத் தரவுத்தளங்கள் சில சமயம் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். மேற்கோள்களைத் தொகுக்கும் மென்பொருளான ஜோட்டெரோவில் இறக்கிய பிறகு ஒவ்வொன்றையும் கண்ணால் சரிபாருங்கள். ஜோட்டெரோ இலவசம், மேகக்கணியில் 300 எம்பி வரை பி.டி.எஃப். கோப்புகளை வைக்கலாம்.

தமிழ்ப் பட்டியலைக் கணினி அகரவரிசைப்படுத்தினால் நம்பாதீர்கள். யூனிகோடு வரிசையில் 'ன' எழுத்து 'ப'-வுக்கு முன்னால் இருப்பதால் சில மென்பொருள்கள் கனகாவைக் கபிலனுக்கு முன் போட்டுவிடும். தமிழ் நெடுங்கணக்கில் 'ன' கடைசி. அடிக்குறிப்பில் 'மேலது' (சற்றுமுன் குறித்த அதே நூல்) போடும் வழக்கம் உள்ள துறையென்றால், எழுதும்போது முழுக் குறிப்பையே கொடுத்துவிட்டுக் கடைசி நாளில் 'மேலது' ஆக்குங்கள். நடுவில் ஒரு பத்தி இடம் மாறினால் எல்லா 'மேலது'வும் வேறு நூலுக்குத் திரும்பிவிடும்.

வைவாவில் ரிவியூ பற்றி என்ன கேட்பார்கள்?

'இதில் உங்கள் ஆய்வுக்கு மிக நெருக்கமானது எது, அதிலிருந்து நீங்கள் எங்கே விலகுகிறீர்கள்?' இது கட்டாயம் வரும். அடுத்து, நூற்பட்டியலில் ஏதோ ஒன்றைத் தொட்டு 'இதில் என்ன செய்திருக்கிறார்கள்?' என்பார்கள். முதுகெலும்பான அந்த 12, 15 கட்டுரைகளுக்கும் இடம், மாதிரி, முறை, முடிவு ஆகிய நான்கையும் உங்கள் அட்டவணையிலிருந்து எடுத்து ஒரே தாளில் எழுதி, முந்தின இரவு இரண்டு முறை படித்துவிட்டுப் போங்கள். படிக்காமல் சேர்த்த பெயர் ஏதேனும் பட்டியலில் இருந்தால், ஆய்வேட்டை அச்சுக்குக் கொடுக்கும் முன்பே எடுத்துவிடுங்கள்.